சூட்டில் எரியும் விளக்கு

இர்யா கெம்ப்பைனெனிடம் வண்டியைப் பழுதுபார்க்க விட்டு எடுத்து வந்தவர்கள் ஊருக்குள் இரண்டு விஷயம் சொல்வார்கள். விளக்கு எரிகிறது என்பது ஒன்று. வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது இன்னொன்று. "இந்த ஒயரை யாரு முறுக்கினது, நீயா? கையாலயா காலாலயா?" என்று தொடங்கினால், மூடியைச் சாத்தி, சாவியைக் கொடுத்து, வண்டி அவள் முற்றத்தைத் தாண்டும்வரை அந்த வாய் ஓயாது. வடக்குப் பனிக்காட்டு ஊரான கோர்பிவாராவில் எண்ணூறு பேர் இருந்தார்கள். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் என்றால் வண்டியே இல்லாதவர்கள்தான்.

ஐம்பத்தெட்டு வயது. குட்டையான, அகலமான உருவம். பதினாறு வயதில் கயானி நகரத்துத் தொழிற்பள்ளியில் சேர்ந்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். எஞ்சினைத் தொட்டால் நகம் உடையும் என்று சொல்லி, வாத்தியார் அவளை மூலையில் உட்காரவைத்து ஒரு கூடை ஒயரைக் கொடுத்தார். இதை வைத்து விளையாடு என்பதுதான் அதற்கு அர்த்தம். அவள் அந்த அவமானத்தை விழுங்கவில்லை. நாற்பது வருஷம் அதை வைத்தே பிழைத்தாள். எஞ்சின் பிரிக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஹெட்லைட் எரியவில்லை என்றால் அவள் வாசலுக்குத்தான் வரவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, கடைசியில் அப்படியே ஆக்கியும் காட்டினாள்.

அவள் வேலைக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒயர்களைச் சேர்த்துக் கட்ட எல்லாரும் பிளாஸ்டிக் பட்டை போடுவார்கள். அவள் மெழுகு பூசிய நூலால் இரண்டு விரலுக்கு ஒரு முடிச்சாகப் போடுவாள். ஒயரை அளந்து, வேண்டிய நீளத்துக்கு ஒரு மயிரிழை கூட மிஞ்சாமல் வெட்டுவாள். எங்கேயாவது ஒயர் தொளதொளவென்று தொங்கக் கண்டால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மிச்சம் விடறவன் சோம்பேறி. அளக்கத் துப்பில்லாதவன்" என்பாள். ஒருமுறை விவசாயி ஒருவரின் டிராக்டரில் சுருட்டி வைத்திருந்த ஒயரை அவர் கண்ணெதிரிலேயே வெட்டி, அவர் சட்டைப் பையில் செருகி அனுப்பினாள்.

அவளுடைய பழைய புருஷன் ரெய்யோ மொய்லனென் வேறு ஜாதி மெக்கானிக். விளக்கு எரியவில்லையா, பல்பை மாற்று. எரியவில்லையா, ரிலேயை மாற்று. அதற்கும் எரியவில்லையா, ஸ்விட்சை மாற்று. மின்சாரத்தை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. மாற்றுகிறவனும் அளக்கிறவளும் இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டினார்கள். பிரிந்தபோது, சுவரில் சுடுநீர்க் குழாய் ஓடிச் சூடாக இருக்கும் பெரிய பட்டறை அவனுக்குப் போனது. கருவிகளும் வாசல் பலகையும் அவளுக்கு வந்தன. அவள் தன் வீட்டு முற்றத்தில் விறகு அடுப்பு வைத்த ஒரு சின்னப் பட்டறை போட்டாள். இரண்டு பேர் பெயரும் எழுதியிருந்த பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதி மாட்டினாள். போகிற போக்கில் ரெய்யோவுக்கு ஒரு எச்சரிக்கையும் விட்டாள். "நான் முடிச்சுப் போட்ட ஒயர் உன் பட்டறைக்கு வந்தா அதுல கை வெக்காத. வெச்சா கையை ஒடிச்சிடுவேன்." அதன் பிறகு ஒன்பது வருஷமாக அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெட்ரோல் பங்கு காப்பிக்கடையில், நாலு பேர் கேட்க, ஒருவரை ஒருவர் குத்துவதற்காக மட்டும்தான்.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூட வேனின் விளக்கு அணையத் தொடங்கியது.

வேன் கௌக்கோ ஹெய்க்குராவுடையது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவார். அந்த ஏழில் ஒருத்தி அவருடைய பேத்தி வென்லா, எட்டு வயது. டிசம்பரில் பிள்ளைகள் இருட்டில் ஏறி இருட்டில்தான் இறங்குவார்கள். மூஸ் மான் குறுக்கே வந்தால் தூரத்திலேயே தெரியவேண்டும் என்று அக்டோபரில் கௌக்கோ வேனின் மூக்கில் ஒரு நீள விளக்கு வரிசையை இர்யாவிடம் பொருத்திக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வீட்டைத் தாண்டும்போது பெரிய வெளிச்சத்தை ஒருமுறை அணைத்துப் போடுவார். அடுப்படி ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நிற்பவளுக்கு அது வணக்கம். அவளும் கோப்பையைச் சற்றுத் தூக்குவாள். யாரிடமும் சொல்லமாட்டாள், ஆனால் அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் கடைசியில் முதல் தடவை அணைந்தது. கௌக்கோ தனியாக வந்துகொண்டிருந்தார். முன்பக்கத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் ஒரேயடியாகப் போய், நூறு மீட்டர் போனதும் தானாகத் திரும்ப வந்தது. ரெய்யோ பல்பை மாற்றினான். அடுத்த வாரம் பிள்ளைகளோடு போகும்போது அணைந்தது. ரெய்யோ ரிலேயையும் ஸ்விட்சையும் மாற்றினான். கௌக்கோ நம்பிக்கையில்லாமல் இர்யாவிடமும் கொண்டுவந்தார். அவள் வேனைப் பட்டறைக்குள் ஏற்றி, அடுப்பை மூட்டி, இரண்டு மணி நேரம் அளந்தாள். எல்லா அளவும் சுத்தம். என் வேலையில் பழுதில்லை, ரெய்யோ போட்ட மலிவு ரிலேயைத் தூக்கி ஏரியில் எறி என்றாள். மூன்றாம் தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏரி வளைவில் அணைந்தது. வேன் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. வென்லா முன் சீட்டில் மோதி முன்பற்கள் இரண்டு உடைந்தன.

நகராட்சிக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் பிள்ளைகளை ஏற்ற வேறு ஆள்.

வியாழக்கிழமை. காப்பிக்கடையில் பட்டாணி சூப் நாள். ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. கௌக்கோ தட்டைக் கொண்டுவந்து இர்யாவின் மேஜையில் வைத்தார், ஆனால் உட்காரவில்லை.

"குழந்தைக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. யாரு பதில் சொல்றது?"

மூலை மேஜையிலிருந்து ரெய்யோ, சூப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "என்னைக் கேக்காத கௌக்கோ. பல்பு மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு, ஸ்விட்ச் மாத்தியாச்சு. நான் கை வெக்காத எடம் ஒண்ணே ஒண்ணுதான். அக்டோபர்ல அந்த அம்மா கை வெச்ச எடம்."

"மாத்து, மாத்து" என்றாள் இர்யா. "கடைசியா டிரைவரையும் மாத்திடு. மீட்டர்னு ஒண்ணு உண்டு, தெரியுமா? உன் பெட்டியில அடியில கெடக்கும். தூசி தட்டி எடுத்துப் பாரு, கடிக்காது."

"நீதான் மீட்டர் ராணியாச்சே. ரெண்டு மணி நேரம் வெச்சுப் பாத்தியாமே. என்ன கண்டுபிடிச்ச?"

"உன் வேலையைக் கண்டுபிடிச்சேன். அதைவிட என்ன வேணும்?"

யாரோ சிரித்தார்கள். அது தன்னைப் பார்த்துத்தான் என்று இர்யாவுக்குப் பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கரண்டியை ஓங்கி வைத்துவிட்டு, கல்லாவில் நின்ற தூலிக்கிக்கும் கேட்கும்படி சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அது என் ஒயர்ல வந்த பழுதுன்னா, அன்னைக்கே என் பலகையைக் கழட்டிடறேன். இங்கேயே வந்து, இவன் மூஞ்சியைப் பாத்தே சொல்றேன். போதுமா?"

"உங்க சண்டையை உங்க கல்யாணத்தோடயே பொதைச்சிருக்கணும்" என்றார் கௌக்கோ. "அவன் பட்டறையில எரியுது. உன் பட்டறையில எரியுது. என் வீட்டு வாசல்ல எரியுது. ரோட்டுல போனாதான் எரியலை. விளக்குக்கு என் பேத்தி மேல என்ன கோவம்?"

இர்யா அந்த மூன்று இடங்களையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

அவன் பட்டறையில் எரிகிறது. அங்கே சுடுநீர்க் குழாய். அவள் பட்டறையில் எரிகிறது. அங்கே அடுப்பு. கௌக்கோ வீட்டு வாசலில் எரிகிறது. அங்கே, எல்லார் வீட்டையும் போல, மாட்டை முளையில் கட்டுவதுமாதிரி வேனை வாசலில் நட்ட மின்கம்பத்தோடு ஒயரால் கட்டி, ராத்திரி முழுக்க எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிறார். குளிரில் நின்று யார் வேலை பார்ப்பார்கள்? வண்டி வந்தால் முதலில் உள்ளே ஏற்று, பனி உருகட்டும், விரல் மடங்கட்டும், பிறகு பார்க்கலாம். இந்த ஊரில் அத்தனை மெக்கானிக்கும் அப்படித்தான். அளந்து பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்கிற அவளும் அதையேதான் செய்திருந்தாள். பழுதைச் சூடுகாட்டி உறங்கவைத்துவிட்டு, பழுதே இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

"நாளைக்கு சாயங்காலம் வேனை என் முற்றத்துல விடு" என்றாள். "வெளியில. கம்பத்துல மாட்டாத."

"மைனஸ் இருபத்தேழுன்னு சொல்லியிருக்கான். காலையில எஞ்சின் கல்லாட்டம் நிக்கும்."

"நிக்கட்டும். எனக்கு எஞ்சின் வேணாம். பேட்டரி போதும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளிச்சம் வந்ததும் கௌக்கோ வந்தார். வேன்மேல் உறைபனி சர்க்கரைபோல் படிந்திருந்தது. இர்யா முன்மூடியைத் தூக்கி நிறுத்தினாள். அது சுவர்போல் எழுந்து ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்த கௌக்கோவை மறைத்தது.

"விளக்கைப் போடு."

ஸ்விட்ச் சத்தம் கேட்டது. விளக்கு எரியவில்லை. இடது, வலது, நீள வரிசை, ஒன்றுமில்லை.

"அகப்பட்டியா, நாயே" என்றாள் இர்யா.

"என்னது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் கௌக்கோ.

"உன்னைச் சொல்லலை. அப்படியே உக்காரு. எதையும் தொடாத."

மூன்று வாரமாக ஊரை ஏய்த்த பழுது முதல் தடவையாக அவள் கண்ணெதிரில் ஆடாமல் அசையாமல் நின்றது. அவளுக்கு உள்ளூர ஒரு குதூகலம். அதைவிடப் பெரிய குதூகலம், இன்றைக்கு ரெய்யோவின் கதை முடிந்தது என்பதில்.

விளக்குக்குப் போகும் மின்சாரம் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். போகிற வழியை எல்லாரும் பார்ப்பார்கள், திரும்புகிற வழியை எவனும் பார்க்கமாட்டான் என்பது இர்யாவின் ஓயாத புகார். மீட்டர் ஒயர் ஒன்றின் ஊசிமுனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தாள். இன்னொன்றை ஹெட்லைட்டின் எர்த் முனையில் குத்தினாள். அங்கே சுழியம் காட்டவேண்டும். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. மின்சாரம் விளக்குவரை ஒழுங்காக வந்துவிட்டு, திரும்ப வழியில்லாமல் முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

ஆக, ரெய்யோவின் ரிலேயில் குற்றமில்லை. ஸ்விட்சிலும் இல்லை. இர்யாவுக்கு முகம் சுண்டியது. பரவாயில்லை, பல்பு மாற்றும்போது அவன் பிடுங்கிச் செருகிய சொருகிகள் இருக்கின்றனவே. முதல் சொருகியைத் தாண்டி அளந்தாள். பன்னிரண்டு. இரண்டாவதைத் தாண்டி அளந்தாள். பன்னிரண்டு. ஒவ்வொரு அளவும் ரெய்யோவை ஓர் அடி விடுதலை செய்துகொண்டே போனது. கடைசியில் ஒரு சாண் ஒயர் மட்டும் மிச்சமிருந்தது. அதன் ஒரு முனையில் பன்னிரண்டு. மறு முனை வேனின் உடம்போடு முறுக்கிய ஆணியில் சேரும் இடத்தில் சுழியம்.

அந்த ஒரு சாணில் ஐந்து முடிச்சு இருந்தது. மெழுகு நூல்.

சாலை உப்பு தின்று பச்சை பூத்திருந்த பழைய எர்த்தை அக்டோபரில் பிடுங்கிவிட்டு, இரண்டு ஹெட்லைட்டையும் புது வரிசையையும் சேர்த்து அவள் போட்ட ஒயர் அது. வழக்கம்போல் அளந்து, வழக்கம்போல் ஒரு மயிரிழை மிஞ்சாமல். இர்யா கையுறையைக் கழற்றி, இரண்டு விரலால் ஒயரைப் பிடித்து இழுத்தாள். ரப்பர்போல் நீண்டுகொடுத்தது. உள்ளே செம்பு முழுசாக இருந்தால் ஒயர் நீளாது. விறைத்து நின்ற ஒயரை டீசல் எஞ்சினின் உதறல் இரண்டு மாதம் குலுக்கிக் குலுக்கி, உள்ளே இழை இழையாக அறுத்திருந்தது. மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. சூட்டில் தோல் இளகினால் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும், விளக்கு எரியும். ரோட்டுக் காற்றின் குளிரில் தோல் சுருங்கி விறைத்தால் முனைகள் விலகும். ஒரு விரல் மிச்சம் விட்டிருந்தால் அது அறுந்தே இருக்காது. சோம்பேறி போட்ட தொளதொள ஒயர்கள் எல்லாம் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

வெட்டுக்கத்தி பையில் இருந்தது. மூடி மறைப்பாக நின்றது. இரண்டு நிமிஷம் போதும். புது ஒயரைப் போட்டு, பழையதை அடுப்பில் எறிந்துவிட்டு, சொருகிதான் காரணம் என்று சொன்னால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். ரெய்யோ தலை தூக்கமுடியாது. அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வெறும் விரல் அந்தக் குளிரைத் தாங்குகிற நேரம்வரை யோசித்தாள். ஆனால் நாற்பது வருஷமாக மீட்டர் சொன்னதை மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் அத்தனை பேரையும் திட்டும் உரிமையை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கி வா" என்றாள். "பாரு."

கௌக்கோ வந்து குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"என் வேலை. இதுதான் பழுது. உள்ள அறுந்திருக்கு."

அவர் முடிச்சுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டுத்தான் மூணு வாரமா அவனைத் திட்டினியா?"

"ஆமா."

"வென்லாகிட்ட என்ன சொல்லுவ?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை" என்றார் கௌக்கோ. "போட்டு முடி."

தடித்த ஒயராகப் போட்டாள். ஒரு சாண் அதிகமாக விட்டாள். அது வளைந்து தொங்கியது. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் விட்டாள். விளக்கு எரிந்தது. பனிமேல் வெளிச்சம் கண் கூசியது. அளந்தாள், சுழியம். கௌக்கோ நன்றி சொல்லவில்லை. எஞ்சின் கல்லாக நின்றதால் வேனை அவள் வீட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். அது சூடேற இரண்டு மணி நேரம் ஆகும். அவர் காப்பிக்கடைக்கு நடந்தார். இர்யா பத்தடி பின்னால் நடந்தாள்.

ரெய்யோ லாட்டரிச் சீட்டில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தான். கௌக்கோ தூலிக்கியிடம் அரிசிப் பணியாரம் ஒன்றும் காப்பியும் வாங்கிக்கொண்டார். இர்யா தொப்பியைக்கூடக் கழற்றாமல் ரெய்யோவின் மேஜைமுன் போய் நின்றாள்.

"என் ஒயர்தான். எர்த். கட்டையா வெட்டிட்டேன், உள்ள அறுந்துபோச்சு. உன் வேலையில பழுதில்லை. பலகையை இன்னைக்கே கழட்டறேன்."

அவன் சிரிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் திருப்பிக் கொடுக்க ஒரு பதில்கூட வைத்திருந்தாள். ரெய்யோ பேனாவை மூடினான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது தடவை வண்டி வந்தப்பவே தெரியும். பிடில் தந்தியாட்டம் விறைச்சுக்கிட்டு நின்னுது. இழுத்துப் பாத்தேன், ரப்பர் கணக்கா வந்துது."

"தெரிஞ்சும் ஏன் விட்ட?"

"என் முடிச்சுல கை வெச்சா கையை ஒடிப்பேன்னது யாரு? நான் வெக்கலை." அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "நான் சொன்னா நீ ஒத்துக்குவியா? என்மேலயே திருப்பியிருப்ப. நீயா கண்டுபிடிச்சு, நீயா வந்து, இத்தனை பேர் நடுவுல உன் வாயால சொல்லணும். அதுக்குத்தான் காத்திருந்தேன். சொல்லிட்ட."

ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய இன்பம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. அவன் கௌக்கோவின் பக்கம் திரும்பும்வரைதான் அது இருந்தது.

கௌக்கோ பணியாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "ரெண்டாவது தடவைன்னா" என்று மெதுவாகச் சொன்னார், "ஏரி வளைவுக்கு முன்னாடி."

"பட்டறையில எரிஞ்சுதே கௌக்கோ" என்றான் ரெய்யோ. "நல்லாத்தான் எரிஞ்சுது. அவ்வளவு சீக்கிரம் மறுபடியும்..."

"ஏழு புள்ளைங்க உள்ள இருந்துச்சு."

ரெய்யோ லாட்டரிச் சீட்டைப் பார்த்தான். இர்யா தரையைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கவே கூடாது" என்றார் கௌக்கோ. "ஒரே வீட்டுல கெடந்து ஒருத்தரை ஒருத்தர் கடிச்சிக்கிட்டு இருந்திருந்தா, ஊர்ப் புள்ளைங்க பல்லாவது தப்பிச்சிருக்கும்."

கடிக்காத பணியாரத்தை ரெய்யோவின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். வேன் சூடேறும்வரை அந்தக் குளிரில் இர்யாவின் முற்றத்திலேயே நின்றிருந்தார். இர்யா வீட்டுக்கு வந்து, உள்ளே வரச் சொன்னாள். அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வேன் போனதும் அவள் ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினாள். உறைந்த திருகாணிகள் லேசில் விடவில்லை. கழற்றியதைப் பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தாள். கெம்ப்பைனென் என்ற பெயர் அவளைப் பார்த்தது. திருப்பி வைத்தாள். மொய்லனென், கெம்ப்பைனென் என்று இரண்டு பெயரும் பார்த்தன. எந்தப் பக்கம் திருப்பினாலும் பார்க்கப் பிடிக்காத பெயர் ஒன்று மிஞ்சியது. கடைசியில் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு இருட்டில் கோப்பையோடு ஜன்னலில் நின்றாள். மைனஸ் முப்பது. மரங்களுக்கிடையே தூரத்திலேயே வெளிச்சம் தெரிந்தது. இரண்டு ஹெட்லைட்டும் நீள வரிசையும் ஒரு சிமிட்டலுமில்லாமல் எரிந்துகொண்டு வந்தன. நடு சீட்டு ஜன்னலில் வென்லாவின் கம்பளித் தொப்பி தெரிந்தது. இர்யா கோப்பையைப் பாதி தூக்கினாள். வேன் வேகத்தைக் குறைக்காமல், வெளிச்சத்தை அணைத்துப் போடாமல், அவள் வீட்டைத் தாண்டிப் போனது.